கெசியா பட் தீட்டிய சாவுப்பலகை

கெசியா பட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வெக்ஸ்கோம் ஊரில் அவள் பேச்சை எடுக்கிற எவனும் இதைத்தான் முதலில் சொல்கிறான். கையெழுத்துக் கேட்டால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போடுவாள், அவ்வளவுதான் என்று சிரிக்கிறான். சிரிக்கிறவனுக்கு எழுத்து தெரியும், ஒத்துக்கொள்கிறேன். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் வருஷம், அந்த மழை விடாத கோடையில், இவர்கள் எல்லாரும் என்ன கிழித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.

என் பெயர் தபித்தா ரூக். தார்ன்லி மாளிகையில் பத்தொன்பது வருஷமாகத் துணி வெளுக்கிறேன். பெரிய வீட்டுக்காரர்கள் ஊருக்குக் காட்டுகிற முகத்தைச் சமையல்காரி நம்பலாம், தோட்டக்காரன் நம்பலாம். சலவைக்காரி நம்ப முடியாது. அவள் கைக்கு எல்லாம் வந்து சேரும்.

கெசியா வண்டிக்கு வண்ணம் தீட்டுகிறவள். சக்கரத்துக்குச் சிவப்பு அடிக்கிற வேலையைக் கூலியாள் செய்வான். கோச்சு வண்டியின் கதவில் பிரபுக்களின் குலச்சின்னத்தைத் தீட்டுவது அவள் வேலை. எங்கள் தார்ன்லி வீட்டுக்கு மூன்று நாரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டெல்பி வீட்டுக்குக் காட்டுப்பன்றி. பட்டறை அவள் புருஷன் ஈனோக் பெயரில்தான் இருந்தது. அவனுக்குக் குடி. கை நடுங்க ஆரம்பித்த பிறகு பத்து வருஷம் அவன் ஒரு கோடு இழுத்ததில்லை. தீட்டியதெல்லாம் இவள். அவன் செத்த மாதம் எங்கள் காரியஸ்தர் புரோதெரோ ஒரு கதவை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, புருஷன் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறான் என்றார். இவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே ஆமாங்க ஐயா என்றாள். எனக்கு அந்த மனுஷன் தொப்பியில், தூரிகை கழுவுகிற டர்பன்டைனை ஊற்றலாம் போல இருந்தது.

எழுத்துதான் தெரியாதே தவிர, சின்னங்களை அவளைப் போல வாசிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கோச்சு தெருவைக் கடந்து போவதற்குள், உள்ளே இருப்பவர் எந்த வீட்டு எத்தனையாவது மகன், பெண்டாட்டி எங்கிருந்து வந்தவள் என்று சொல்லிவிடுவாள். சாவுப்பலகையை வாசிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். பெரிய வீட்டில் சாவு விழுந்தால் வாசலுக்கு மேலே, முனை கீழே நிற்கும்படி ஒரு சதுரப் பலகை மாட்டுவார்களே, அதுதான். ஒரு வருஷம் அங்கே தொங்கிவிட்டுப் பிறகு தேவாலயத்துக்குப் போகும். நான் ரொம்ப நாள் அதை வெறும் கறுப்புப் பலகை என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் ஒரு கேடயம், அதற்குள் செத்தவரின் சின்னம் இருக்கும். சுற்றிலும் முழுக் கறுப்பு என்றால் அவர் கல்யாணம் ஆகாதவர். பார்க்கிறவருக்கு இடது பாதி கறுப்பாகவும் வலது பாதி வெள்ளையாகவும் இருந்தால், போனது புருஷன், பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள். வெள்ளைப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டுச் சின்னம் இருக்கும். பெரிய மனிதர்களுக்கு இதெல்லாம் பால்குடி வயசிலேயே பாடம்.

இனி அந்த இரண்டு வீட்டுக் கதை. தார்ன்லிக்கும் டெல்பிக்கும் இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. வாய்க்கால் தகராறு என்று ஊர் சொல்லும். வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை. எங்கள் எசமானி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிற லெட்டிஷியா சீமாட்டியின் துணியோடு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு பழைய கைக்குட்டை வெளுக்க வரும். மூலையில் பட்டு நூலில் காட்டுப்பன்றி. அந்தக் காலத்தில் டெல்பி பிரபுவுக்கும் அம்மாவுக்கும் நிச்சயமாகி, உடுப்பெல்லாம் தைத்து முடித்த பிறகு, அவர் பெரிய சீதனக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா எங்கள் பழைய பிரபுவைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரே ஒரு மகனைப் பெற்று, சீக்கிரமே விதவையுமானாள். அந்த வஞ்சத்தை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அவள் பட்டது எனக்குப் புரிகிறது. பட்டவளே இன்னொருத்திக்கு அதைச் செய்தாளே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மகன் ஆம்புரோஸ் பிரபு. இருபத்தாறு வயசு, குள்ளம், கண்ணாடி, பேச்சு திக்கும். நாட்டியக் கூடத்துக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி வந்துவிடும், வயலில் வடிகால் வெட்டப் போனால் சாப்பாடு மறந்துவிடும். டெல்பி மகள் ஹொனோரியா சீமாட்டி அவரைவிட ஒரு வயசு மூத்தவள், ஒரு முழம் கூடுதல் உயரம், சீட்டாட்டத்தில் ஆண்களைத் தோற்கடிப்பாள், சிரித்தால் இரண்டு தெரு கேட்கும். மாப்பிள்ளை பார்த்தவர்கள் எல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே ஓடினார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் நிற்கக்கூடிய இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கெசியாவின் பட்டறை. ஊரில் வேறு வண்ணக்காரர் கிடையாது. ஆட்கள் பேசாவிட்டாலும் கோச்சுகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

ஒரு நாள் ஹொனோரியா சீமாட்டி வந்து, எங்க அப்பாவோட பன்றிக்கு இவ்வளவு தொப்பை எதுக்கு, விருந்து சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்கே என்று சண்டை பிடித்தாளாம். நாரை கோச்சுக்குப் பின்னால் நின்ற ஆம்புரோஸ் பிரபு, திக்கித் திக்கி, ஓக் மரக் கொட்டை உதிருகிற பருவத்தில் காட்டுப்பன்றி இப்படித்தான் இருக்கும், படத்தில் தப்பில்லை என்றாராம். அவள் திரும்பிப் பார்த்து அந்த இரண்டு தெருச் சிரிப்பைச் சிரித்தாள். இவர் ஓடவில்லை. கூடவே சிரித்தார்.

அதிலிருந்து தார்ன்லி கோச்சில் மாதாமாதம் கீறல் விழ ஆரம்பித்தது. மரக்கிளை உரசிவிட்டது என்பார் பிரபு. மூன்றாம் தரம் கெசியா சொன்னாள், "ஐயா, மரக்கிளை இப்படி நேர்கோடா கிழிக்காது. அது சாவி கிழிச்ச கீறல். சும்மா வந்து உக்காருங்க, வண்டிய ஏன் பாழாக்குறீங்க?" அவர் முகம் காதுவரை சிவந்துபோயிற்றாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் கெசியா.

பதினாறாம் வருஷம் மார்ச் மாதம், பன்னிரண்டு மைல் தள்ளி ஓக்ஃபர்ட் கிராமத்தில் ரகசியமாகக் கல்யாணம் நடந்தது. காற்று மாற்றத்துக்கு என்று சொல்லி ஹொனோரியா சீமாட்டி அங்கே ஒரு மாதம் தங்கியிருந்தாள். சாட்சிக்கு இரண்டு பேர். தேவாலயத்தில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை ஒருவன், கெசியா ஒருத்தி. பதிவேட்டில் தன் இரண்டு கோட்டைப் போட்டுவிட்டு வந்தாள். அம்மாவிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அறுவடை முடியட்டும் என்றார் பிரபு. பிறகு செப்டம்பர் கடைசியில் வருகிற மிக்கேல் திருநாள் வரட்டும் என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்கள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிற பாரம் யார் தலையில் விழுகிறது? ஜூன் மாதமே ஹொனோரியா சீமாட்டிக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

ஆகஸ்டில் பிரபு மழையில் வடிகால் பார்க்கப் போய் நனைந்து வந்து படுத்தார். மார்புச்சளி, காய்ச்சல், நான்கே நாள். மூன்றாம் நாள் நான் படுக்கை விரிப்பு மாற்ற உள்ளே போனேன். அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரபு கண்ணைத் திறந்து, ஒரு திக்கல் இல்லாமல், நான் அவர் வாயிலிருந்து கேட்டதிலேயே தெளிவாகச் சொன்னார்.

"அம்மா, ஹொனோரியா டெல்பி என் மனைவி. ஓக்ஃபர்ட்ல கல்யாணம் ஆச்சு. அவளைக் கூப்பிட்டு விடுங்க."

அம்மா அவர் நெற்றியைத் துடைத்தாள். தூங்குப்பா என்றாள். பிறகு திரும்பி, விரிப்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தாள்.

"தபித்தா, நீ எதையும் கேக்கல."

"இல்லைங்கம்மா," என்றேன் நான்.

யாரும் கூப்பிட்டு அனுப்பாமலே மறுநாள் ஹொனோரியா சீமாட்டி மழையில் நடந்தே வந்தாள். வாசலில் பட்லர், பிரபு வீட்டில் இல்லை என்றான். விருந்தாளியைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பெரிய வீடுகளில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். சாகக் கிடக்கிற மனுஷனையா வீட்டில் இல்லை என்பது? அவர் எங்கேய்யா போயிருக்கார் என்று கேட்டாள் அவள். அவன் திரும்பவும் அதையே சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம் பிரபு போய்விட்டார்.

பிரபுவின் சித்தப்பா கிரிஸ்பின் அடுத்த வாரிசு. வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் அம்மாவும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஓக்ஃபர்ட் பாதிரியாருக்கு ஆள் போனது. அந்தப் பாதிரியாரின் பதவி தார்ன்லி வீடு போட்ட சோறு. கோயில்பிள்ளை குடியிருப்பது தார்ன்லி வீட்டுக் குடிசை. ஹொனோரியா சீமாட்டி அங்கே போய்ப் பதிவேட்டைக் கேட்டபோது, மழையில் ஏடெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரித்தால் கிழியும் என்றாராம் பாதிரியார். கோயில்பிள்ளைக்கு எதுவும் நினைவில்லையாம். அவள் தன் தகப்பனிடம் போய் உண்மையைச் சொன்னாள். டெல்பி பிரபு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து தார்ன்லி பயலோடு கல்யாணம் என்கிறாயே, எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்றார். காட்ட முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டார். பெற்ற மகள்!

ஆக, ஐந்து மாதக் கர்ப்பத்தோடு அவள் வந்து சேர்ந்த இடம் கெசியாவின் மாடி அறை. ஊர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. அவளை நடத்தை கெட்டவள் என்றது, பிறக்கப் போகிற பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்தது. அதை நான் என் வாயால் சொல்ல மாட்டேன்.

இந்த நிலைமையில்தான் புரோதெரோ பட்டறைக்கு வந்து சாவுப்பலகைக்குச் சொன்னார். மூன்று நாரை, தனியாக. பின்னணி முழுக் கறுப்பு. ஐந்தாம் நாள் காலை, சவ ஊர்வலத்துக்கு முன்னால் மாட்டியிருக்க வேண்டும். மாடியில் அந்தப் பெண் படுத்திருக்கிறாள், கீழே நின்று கல்யாணம் ஆகாதவருக்குரிய பலகைக்கு உத்தரவு போடுகிறார். கெசியா சரிங்க ஐயா என்று மட்டும் சொன்னாளாம்.

அன்றைக்கு மத்தியானம் நான் போனேன். பிரபு சொன்னதைக் கேட்டேன் என்று அவளிடம் சொன்னேன். நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் கறுப்பை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ போய்ச் சொல்லேன், தபி," என்றாள்.

நான் சொன்னால் நாளைக்கே என் பெட்டியைத் தெருவில் வைப்பார்கள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு வெள்ளை வண்ண டப்பாவை எடுத்துத் திறந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குப் பைத்தியமா, இந்த ஊர் கோச்சு ஒன்று இனிமேல் உன் வாசலுக்கு வருமா, எதை வைத்துச் சாப்பிடுவாய் என்று கத்தினேன்.

"அந்தக் கல்யாணத்துக்கு நான் சாட்சி," என்றாள். "எனக்கு எழுதத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதுலயும் பொய் எழுதச் சொல்றியா?"

 மாடியில் ஹொனோரியா சீமாட்டிக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாங்க, அப்புறம் நான் என்ன பண்றது என்றாள். அந்த வாரம் முழுக்க மழை. எண்ணெய் வண்ணம் காயவே இல்லை. அடுப்பைப் பலகைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, நாரைக்குக் கால் இழுத்தாள், பன்றிக்குப் பல் வைத்தாள். தொப்பையைக் கொஞ்சம் குறைத்திருந்தாள்.

ஊர்வலத்தன்று காலை பலகை வந்தது. வண்ணம் ஈரம் என்பதால் சட்டம் கட்டி மேலே துணி போர்த்தியிருந்தது. புரோதெரோ இடது மூலைத் துணியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. கறுப்புத்தானே, சரி, மாட்டு என்றார். படிச்ச மனுஷன்! வலது மூலையைத் தூக்கிப் பார்க்க அவருக்கு இன்னொரு கை இல்லையா?

பதினைந்து கோச்சுகள் நின்றன. டெல்பி வீட்டுக் கோச்சும் வந்திருந்தது, காலியாக, திரையை இழுத்துவிட்டு. எதிரியானாலும் சாவுக்கு வண்டியை அனுப்ப வேண்டும் என்பது இவர்கள் மரியாதை. வண்டி துக்கம் விசாரிக்கும், ஆள் வரமாட்டார். பெரிய வீட்டுப் பெண்கள் சவ ஊர்வலத்துக்கு வருவதில்லை என்ற வழக்கப்படி அம்மா மாடியில் திரைக்குப் பின்னால் இருந்தாள். சவப்பெட்டி வாசற்படிக்கு வந்த நேரம், ஏணியில் நின்ற கெசியாவின் ஆள் துணியை இழுத்தான்.

இடது பக்கம் கறுப்பு. வலது பக்கம் பளீரென்று வெள்ளை. நாரைகளுக்குப் பக்கத்தில், ஒரே கேடயத்துக்குள், டெல்பி வீட்டுக் காட்டுப்பன்றி.

 பக்கத்து ஊர்க் கிழட்டு ஜெனரல் ஒருவர் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, காது கேட்காதவர்கள் பேசுகிற குரலில், "பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? டெல்பி பொண்ணா? நமக்குச் சொல்லவே இல்லையே!" என்றார். கிரிஸ்பின் முகத்தில் ஈயாடவில்லை. பலகையை இறக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எப்படி இறக்குவது? கீழே வாசற்படியில் சவப்பெட்டி. செத்தவன் தலைக்கு மேலே ஏணி போட்டு அவன் சின்னத்தைப் பிடுங்குவதை இத்தனை பிரபுக்கள் பார்க்க எவன் செய்வான்? ஊர்வலம் அதன் கீழேதான் போயிற்று.

திரும்பி வந்ததும் பலகையை இறக்கினார்கள். கொண்டுவந்து போட்டது என் வெள்ளாவி அடுப்பில். ஈர வண்ணம் புகைந்து புகைந்து எரிந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். ஆனால் பதினைந்து கோச்சுக்காரர்களும் வாசித்துவிட்டார்களே, அதை எந்த அடுப்பில் போடுவது?

மறுநாள் புரோதெரோ பட்டறைக்குப் போனார். இந்தத் தரம் குரலில் தேன். தவறிப்போய்த் தீட்டிவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். எழுத்தறியாத பொம்பளை, குழப்பிக்கொண்டாள் என்று எல்லாரும் நம்பிவிடுவார்களாம். தார்ன்லி வீட்டு வண்டிகள் எல்லாம் ஆயுசுக்கும் அவளுக்கே. இல்லாவிட்டால் ஒரு வண்டி வராது. கெசியா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என் கை தப்புப் பண்ணிச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லைங்க ஐயா. நானும் சொல்ல மாட்டேன்."

மாடிப்படியில் நின்று ஹொனோரியா சீமாட்டி இதைக் கேட்டாள். அவர் போன பிறகு இறங்கி வந்து, கெசியாவின் வண்ணம் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். இந்தக் கையை நான் மறந்தால் நான் மனுஷியே இல்லை என்றாளாம். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்பி பிரபுவுக்குச் செய்தி போனது கோச்சுக்காரன் மூலம். நம்ம பன்றியைத் தார்ன்லி வாசலில் மாட்டி, இறக்கி, அடுப்பில் போட்டார்கள் என்றான் அவன். அவ்வளவுதான், மனுஷன் குதித்தார். மகள் மழையில் நின்று அழுதபோது வராத ரோஷம் பன்றிக்காக வந்தது. மகளின் வார்த்தையை நம்பாதவர் ஒரு பலகையை நம்பினார். என் குலச்சின்னத்தை எரிக்க எவனுக்குத் துணிச்சல் என்று வக்கீலைக் கூட்டிக்கொண்டு நேரே ஓக்ஃபர்ட் போனார். குதிரைச் சவுக்கைக் கையில் பிடித்துக்கொண்டே பாதிரியாரின் அறைக்குள் நுழைந்தாராம். என்ன ஆச்சரியம்! ஒட்டிப்போன ஏடு தானாகப் பிரிந்துகொண்டது. கோயில்பிள்ளைக்கும் நினைவு திரும்பிவிட்டது. பெயர்கள் இருந்தன, தேதி இருந்தது, அடியில் கெசியாவின் இரண்டு கோடும் இருந்தது.

டிசம்பரில் பையன் பிறந்தான். பிறக்கும்போதே தார்ன்லி பிரபு. கிரிஸ்பின் சித்தப்பா மூட்டை கட்டினார். இனிமேல் மாளிகையில் இருக்க வேண்டுமென்றால் பேரனின் தயவு வேண்டும் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாசம் பொங்கி வழிந்தது. டெல்பி பிரபுவும் அம்மாவும் இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரே மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். பெரிய இடத்துச் சண்டை இப்படித்தான், அடிபடுகிறவன் ஒருவன், கை குலுக்குகிறவர்கள் வேறு.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. அம்மா மருமகளை மறைத்தாள் என்று வெளியே தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் அவமானம். அதனால் உட்கார்ந்து ஒரு கதை செய்தார்கள். மகன் கடைசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். தாயுள்ளம் உருகி, பழைய பகையை மறந்து, மருமகளின் சின்னத்தையும் சேர்த்துத் தீட்டச் சொன்னது அம்மாதானாம். கிரிஸ்பின்தான் கெட்டவன், பலகையை எரித்தவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் பூசணிக்காயை மறைக்கவில்லை, தாங்களே விளைவித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கெசியாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். புரோதெரோ சொன்னது கிடைத்தது. ஒரு வண்டி வரவில்லை. வெளியே கதை எப்படியிருந்தாலும், உத்தரவை மீறிய கை அது என்று எல்லாக் காரியஸ்தர்களுக்கும் தெரியும். டெல்பி பிரபுவும் அனுப்பவில்லை. என் சின்னத்தை என் அனுமதியில்லாமல் தீட்டியவள்தானே என்றாராம். கடைக்காரர்கள் பெயர்ப்பலகை எழுதக் கேட்டார்கள். அதற்கு எழுத்து தெரிய வேண்டும். மார்ச் கடைசியில் பட்டறையைக் காலி செய்துவிட்டு பிரிஸ்டலுக்குப் போனாள். இப்போது துறைமுகத்தில் பீப்பாய்க்குத் தார் பூசுகிறாள். அந்தக் கை!

போவதற்கு முன்னால், ஜனவரியில், பையனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. தேவாலயம் நிறைந்திருந்தது. முன் இருக்கையில் அம்மா, டெல்பி பிரபு, நடுவில் குழந்தையோடு ஹொனோரியா சீமாட்டி. கடைசி வரிசையில் வேலைக்காரர்கள். கெசியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எரித்ததற்குப் பதிலாக, ஒரு வருஷம் காத்திருக்காமல் ஊர் பார்க்க நேரே தேவாலயச் சுவரில் புதுப் பலகை மாட்டியிருந்தது, லண்டனில் யாரோ தீட்டியது. நாரை வாத்து மாதிரி இருந்தது. கழுத்தைப் பாரேன் என்று என் காதில் சொன்னாள்.

எங்கள் ஊர்ப் பாதிரியார் அந்தப் பலகையைக் கையால் காட்டிப் பிரசங்கம் செய்தார். ஒரு தாயின் மன்னிப்பு, ஒரு தாயின் தைரியம், ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சாமல் உண்மையை வாசலில் மாட்டிய தாய் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டை நான் வெளுத்தது. ஹொனோரியா சீமாட்டி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கெசியாவைக் கண்டுகொண்டாள். அவள் எழுந்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று நான் நம்பினேன், சத்தியமாக நம்பினேன். அவள் தலையைக் குனிந்து குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர் சொன்னதைக் கேட்டவள் அந்த அம்மாவைத் தவிர இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். தூங்குப்பா என்று அவள் சொன்னதைக் கேட்டவளும் நான்தான். எனக்கு முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பாதி எழுந்தபோது கெசியா என் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு, தபி. உன் வேலையும் போயிடும்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.